ஓர் ஆணியும் ஒரு மூடை மாவும்

லண்டனில் நான் அடித்த முதல் ஆணிக்கு நான்கு பேர் வந்தார்கள். முருகன் படம் மாட்டுவதற்காக அடித்த ஆணி, இரண்டு அங்குலம்கூட இராது. எங்கள் கவுன்சில் வீட்டின் சூடாக்கியைத் திருத்த வந்த மனிதர் அதைக் கண்டதும் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். மறுநாள் ஒருவர் வந்து சுவர்ப் பலகையில் நகத்தளவு துண்டு வெட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். அடுத்த கிழமை கடிதம் வந்தது. அது பழைய கட்டடமாம், சுவர்ப் பலகையில் அஸ்பெஸ்ரஸ் இருக்கிறதாம், நாங்கள் மூன்று நாளைக்கு வெளியேற வேண்டுமாம். உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை வெள்ளை உடுப்புப் போட்ட நான்கு பேர் முருகனைச் சுற்றிப் பிளாஸ்ரிக் கூடாரம் கட்டினார்கள். எங்களை ஒரு ஹோட்டலில் விட்டார்கள். என் வாழ்க்கையில் அது நான்காவது இடம்பெயர்வு. முந்திய மூன்றிலும் காலையில் முட்டை பொரித்துத் தர ஒருவரும் இருக்கவில்லை.

வெளியேறுவதற்கு முன் கொலின் என்ற கவுன்சில் உத்தியோகத்தர் ஒரு படிவத்தோடு வந்தார். நல்ல மனிதர், ஆனால் எங்கள் வீட்டு வாசலில் செத்தவீட்டுக்கு வந்தவர் போல நின்றார். ஆணி அடித்தபோது தூசு பறந்ததா என்று கேட்டார். பறந்தது என்றேன். எவ்வளவு என்றார். திருநீறு எடுக்கும் அளவை விரலால் காட்டினேன். முகம் வாடி அதை எழுதிக்கொண்டார். இதற்கு முன் எப்போதாவது இப்படியான தூசுக்குள் இருந்திருக்கிறீர்களா என்பது அடுத்த கேள்வி.

"இருந்திருக்கிறேன். ஊரில் உரலில் போட்டு இடித்திருக்கிறேன். ஒரு மூடை வரும்" என்றேன்.

அவர் என் கணவரைப் பார்த்தார். என்னைவிட நல்ல ஆங்கிலம் பேசுகிறவர் என் கணவர். "என் மனைவி சொல்வது சரி. இடித்து அரித்தும் இருக்கிறார்" என்றார் இவர். கொலின் மரியாதைக்குச் சிரித்துவிட்டுக் குனிந்து எழுதினார். எட்டிப் பார்த்தேன். "இல்லை" என்று எழுதியிருந்தார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்தில் மருதனார்மடத்துப் பக்கம் எங்கள் ஒடுங்கிய ஒழுங்கையில் பிறக்காத ஒருவர் இதை நம்புவதற்கு நியாயமில்லை. எண்பத்துமூன்றின் தொடக்கத்தில் என் கலியாணத்துக்காக அப்பா தென்னோலைக் கிடுகுக் கூரையைப் பிரித்து அஸ்பெஸ்ரஸ் சீற் போட்டார். மேசன் முற்றத்தில் வைத்து மரம் அறுக்கும் வாளால் சீற்றை அறுத்தான். பந்தலுக்கு வந்த சனம் அந்த வெள்ளைத் தூசுக்குள் நின்று தேநீர் குடித்தது. "கிடுகெண்டால் வருசா வருசம் வேயவேணும். உது நாங்கள் செத்தாப் பிறகும் கிடக்கும்" என்று அப்பா எல்லோருக்கும் சொன்னார். அப்பா பொய் சொல்லாத மனிதர். அதன் தூசுகூட நாங்கள் செத்த பிறகும் கிடக்கும் என்பதை லண்டனில்தான் அறிந்தேன்.

தொண்ணூறில் திரும்பவும் சண்டை தொடங்கியபோது கூரை அரிதட்டாகிவிட்டது. குண்டு எங்கேயோ விழும், சிதறல் எங்கள் வீட்டுக்கு வரும். சீமெந்து யாழ்ப்பாணத்துக்கு வரக்கூடாதென்று அரசாங்கம் தடுத்த பொருள்களில் ஒன்று. சீமெந்து போனால் நாங்கள் விமானம் கட்டிவிடுவோம் என்று கொழும்பில் பயந்தார்களோ தெரியாது. மழைக்கு முன் ஓட்டைகளை அடைத்தாக வேண்டும். அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. உடைந்து கிடந்த சீற் துண்டுகளை உரலில் போட்டு இடித்தேன். புட்டுக்கு மா அரிப்பது போல அரிதட்டில் அரித்தேன். சுண்ணாம்போடும் ஒளித்து வைத்திருந்த பிடி சீமெந்தோடும் குழைத்துப் பூசினால் ஒரு சொட்டு ஒழுகாது. என் தங்கச்சி தவம் எனக்கு எதிரே நின்று மற்ற உலக்கையைப் போட்டாள். தலை, புருவம், கண்மயிரெல்லாம் வெள்ளையாகிவிடும். "அக்கா, நீங்கள் கிழவியாப் போனியள்" என்று சிரிப்பாள். ஒழுங்கையில் எல்லோரும் வந்து பார்த்துப் பழகிக்கொண்டு போனார்கள். பெருமையாக இருந்தது. தொண்ணூற்றிரண்டில் நான் லண்டனுக்கு வந்தபோது ஊருக்கு விட்டு வந்த ஒரே கண்டுபிடிப்பு அதுதான்.

வீட்டைத் திருப்பித் தந்த நாளில் கொலினை இருத்தி வைத்து எல்லாவற்றையும் கேட்டேன். பார்வைக்கு ஒன்றும் தெரியாது என்றார். பழைய கட்டடமென்றால் ஒரு துண்டு எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும். அது உடையாமல் கிடந்தால் பெரிதாகப் பயமில்லை. உடைத்தால், அறுத்தால், துளைத்தால் கண்ணுக்குத் தெரியாத நார் பறந்து நெஞ்சுக்குள் போய் இருந்துவிடும். அதனால்தான் சுவரில் கை வைப்பதற்கு முன் பரிசோதிக்கிறோம் என்றார். இடிப்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. இடிப்பார்கள் என்று அவர்களுடைய புத்தகத்தில் யாரும் யோசித்திருக்கவில்லை. நோய் வர இருபது, முப்பது வருடம் செல்லலாம் என்றார். முப்பது வருடம் உயிரோடு இருப்போம் என்று எங்களுக்கு அதுவரை ஒருவரும் உறுதி சொன்னதில்லை.

பகிடியை விட்டுவிடுகிறேன். தவம் இன்னும் இடித்துக்கொண்டிருந்தாள். ஒழுங்கை முழுக்க இடித்துக்கொண்டிருந்தது. சொல்லிக் கொடுத்தவள் நான்.

அன்றே எழுதினேன். இடிக்காதே, அரிக்காதே, அறுக்காதே, உடைந்ததைத் தண்ணீரில் நனைத்து மண்ணுக்குள் தாட்டுவிடு, கூரைக்குக் கிடுகு போடு. மறுமொழி வர நாலு மாதமானது.

"அக்கா, நான் விட்டிட்டன். உங்கடை சொல்லுக்காகத்தான். ஒழுங்கையில ஒருத்தரும் நம்பீனமில்லை. லண்டனுக்குப் போனவுடனை உவவுக்கு எங்கடை சீற்றும் நஞ்சாப் போச்சோ எண்டு கேக்கினம். மற்ற ஆக்களின்ரை சீற்தான் கூடாதாம், எங்கடை நல்ல சீற்றாம். ஒரு துண்டு அனுப்புறன். பரிசோதிச்சு இங்கிலீசில சீல் குத்தின கடிதம் ஒண்டு எடுத்து அனுப்புங்கோ. சீல் இருந்தால் நம்புவினம்."

மகளின் கலியாணத்துக்கு லண்டன் வந்த ஓர் அம்மாவின் பெட்டியில், ஒடியல் மாவுக்கும் பனங்கட்டிக்கும் நடுவில் அந்தத் துண்டு வந்தது. தவம் அதை நனைத்து, இரண்டு பிளாஸ்ரிக் பைகளில் போட்டு, மெழுகுதிரிச் சுவாலையில் ஓரத்தை ஒட்டியிருந்தாள். கொலினின் மேசையில் வைத்தேன். கதிரையோடு பின்னால் போனார். இது எந்தக் கட்டடம் என்று கேட்டார். என்னுடைய சீதன வீடு என்றேன். கவுன்சில் கட்டடங்களை மட்டும்தான் பரிசோதிக்கலாம் என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பழைய படிவத்தைத் தேடி எடுத்து, "இல்லை" என்பதை வெட்டி "ஆம்" என்று எழுதினார். "எவ்வளவு" என்ற இடத்தில் "ஒரு மூடை" என்று எழுதினார்.

பரிசோதனை முடிவு சீலோடு வந்தது. எங்கள் சீற் நல்ல சீற் இல்லை. மிச்சத் துண்டைப் பத்திரமாக அழித்துவிடுகிறோம் என்று கொலின் கையை நீட்டினார். வேண்டாம், தாருங்கள் என்றேன். ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை, எனக்கும் அப்போது சரியாக விளங்கவில்லை. எச்சரிக்கை ஒட்டிய தடித்த சிவப்புப் பையில் போட்டு, எந்தக் காரணத்துக்காகவும் திறக்கக்கூடாது என்று இரண்டுதரம் சொல்லித் தந்தார். சீல் கடிதத்தை அன்றே தவத்துக்கு அனுப்பினேன்.

கடிதம் கடலில் கிடந்த நாட்களில், இராணுவம் வருகிறதென்று எங்கள் ஊர்ப் பக்கமான வலிகாமமே எழும்பி நடந்தது. தொண்ணூற்றைந்து முடிகிற நேரம் தவத்தின் கடிதம் கொடிகாமத்திலிருந்து வந்தது.

"அக்கா, ஒரு பள்ளிக்கூடத்தில இருக்கிறம். உங்கடை சீல் கடிதம் அங்கை போச்சுதோ தெரியாது. போனாலும் வாசிக்க ஒழுங்கையில ஒரு குருவியும் இல்லை. வீடு விழுந்திட்டுது எண்டு பின்னால வந்த ஆக்கள் சொல்லிச்சினம். எனக்குக் கொஞ்சம் இருமல். நடந்து வந்த புழுதியாயிருக்கும், யோசியாதேங்கோ. இந்தப் பள்ளிக்கூடமும் பழசு, சீற்றுத்தான் போட்டிருக்கு. உங்கடை கொலினுக்கு நேரமிருந்தால் வரச் சொல்லுங்கோ."

வாசித்துச் சிரித்தேன், பிறகு அழுதேன். அந்த இருமல் புழுதியாகவே இருக்க வேண்டும் என்று முருகனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன். அவர் இப்போது ஆணி இல்லாமல், பசை நாடாவில் ஒட்டப்பட்டுச் சுவரில் நிற்கிறார். அவருக்குக் கீழே அலுமாரியில் அந்தச் சிவப்புப் பை இருக்கிறது. ஊரில் எங்கள் வீட்டில் மிஞ்சியது அவ்வளவுதான். அதைத் திறக்கக்கூடாது. குப்பையில் போடவும் இந்த நாட்டுச் சட்டம் விடாது. தூசு தட்டும்போது அலுமாரியை மட்டும் ஈரத் துணியால் துடைக்கிறேன்.