சூசையின் இடுப்புக்காகப் பட்டினியாய்ப் போன வான்

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று எனக்கு முதலே தெரியும். வான் திருகோணமலையை விட்டு வெளிக்கிட முதலே தெரியும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன்தான். ஆனால் வரப்போவதை அறிய வகுப்பு எதற்கு? இருபது வருடத்துக்கு மேல் திருகோணமலை–மூதூர் லோஞ்சுப் படகில் என்ஜின் பார்த்தவன் நான். சத்தத்தைக் கேட்டே இன்றைக்கு எந்த ஆணி கழலும் என்று சொல்லுவேன். வெள்ளைக்காரன் இருந்த காலத்தில் ஒரு கப்பல் கப்டன் என்னைக் கேட்டுத்தான் நங்கூரம் போட்டார். (அப்போது எனக்குப் பத்து வயது என்று சிலர் கணக்குப் பார்ப்பார்கள். அது அவர்களுடைய பிரச்சினை.)

சுகமில்லாத ஒருவரை, அதுவும் நேராக இருக்க ஏலாத ஒருவரை, திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு றோட்டால் கொண்டுபோவது எப்படி என்று இரண்டு வாசகர்கள் கேட்டு எழுதியிருந்தார்கள். நான் அப்படிப் போனது எழுபதுகளின் கடைசியில். போன கிழமை என் மருமகன் சூசை கனடாவிலிருந்து ஃபோன் எடுத்து ஒரு கேள்வி கேட்டான். அதுவும் அந்தப் பயணத்தைப் பற்றியதுதான். இரண்டுக்கும் சேர்த்து இந்தப் பதிவு. சூசையின் கேள்வியைக் கடைசியில் சொல்கிறேன்.

சூசை என் அக்கா பிலோமினாவின் இளைய மகன். பிறவியிலேயே அவனுக்கு ரத்தம் உறையாத வியாதி. தாய்வழியாக வந்து ஆண்பிள்ளைகளைப் பிடிக்கிற வியாதி அது. வெள்ளைக்கார ராசகுடும்பத்திலும் இருந்ததாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன நாளிலிருந்து, அவர்களுக்கும் எங்களுக்கும் ஏதோ ஒரு பக்கத்தால் சொந்தம் இருக்கவேண்டும் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அக்காவுக்கு அந்தக் கதை பிடிக்காது. அவளுடைய மூத்த மகன் பதினேழு வயதில் ஒரு பல்லுப் பிடுங்கப்போய், ரத்தம் நிற்காமல் செத்தவன்.

சூசைக்கு ரத்தம் வெளியே போனதைவிட உள்ளே போனதுதான் அதிகம். மூட்டுக்குள் கசியும், வீங்கும், வற்றும், திரும்பக் கசியும். முப்பது வயதில் அவனுடைய வலது இடுப்பு துருப்பிடித்த கதவுப் பிணைச்சல் மாதிரி ஆகிவிட்டது. டவுனில் சின்னக் கடையொன்றில் மணிக்கூடு திருத்துவது அவன் தொழில். ஒரு பக்கக் குண்டியில் இருந்துதான் அத்தனை வேலையும். படுத்தால் வலி என்று இரவிலும் கதிரையிலேயே நித்திரை கொள்ளுவான்.

தேய்ந்த மூட்டை வெட்டி எடுத்துவிட்டு இரும்புக் குண்டும் பிளாஸ்டிக் கிண்ணமும் வைக்கலாம் என்று கொழும்பில் ஓர் எலும்பு டொக்டர் சொன்னார். மற்றவர்களுக்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் சூசையை வெட்டினால் யார் நிற்பாட்டுவது? புது ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கிற ஒரு சாமான் இருக்கிறதாம், அதை ஏற்றினால் ரத்தம் உறையுமாம். அது நிறைய வேண்டும். அதற்கு ஆட்கள் நேரே வந்து ரத்தம் கொடுக்கவேண்டும். ஒப்பரேஷனுக்கு முதல் நாளே எத்தனை பேரைக் கொண்டுவர முடியுமோ அத்தனை பேரையும் கொண்டுவாருங்கள் என்றார்.

நான் ஒரு கிழமைக்குள் நாற்பது பேரைச் சேர்த்தேன். வானில் பத்துப் பேருக்குத்தான் இடம் இருந்தது. எங்கள் மாதா கோயில் பங்கு ஆட்கள் நாலு பேர், சல்லிக் கிராமத்தில் கரைவலை இழுக்கிறவர்கள் நாலு பேர், தம்பலகாமத்து வயல்காரர் இருவர். எல்லாரும் சூசையிடம் மணிக்கூடு திருத்தக் கொடுத்தவர்கள். சல்லிக்காரர்களுக்குப் பெரியவர் கந்தையா அண்ணன். தேக்குமரம் மாதிரி ஆள். வலை கல்லில் சிக்கினால் கல்லையும் சேர்த்து இழுத்துவிடுவார்.

விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டோம். வான் கிண்ணியா ஹனீபா நானாவுடையது, மீன் ஏற்றுகிற வான். மூன்று நாள் கழுவியும் மணம் போகவில்லை. பின்பக்கம் மெத்தை விரித்துச் சூசையைப் படுக்கவைத்தோம். கேட்டு எழுதின வாசகர்கள் இதைக் கவனிக்கவேண்டும்: பஞ்சுத் தலையணை சரிவராது, குலுக்கலில் நசிந்துவிடும். நான் நிலாவெளி மணலை இரண்டு சின்னச் சாக்கில் நிரப்பி, ஒன்றை அவன் தொடைக்குக் கீழும் மற்றதை இடுப்புக்குப் பக்கத்திலும் அணைத்து வைத்தேன். அசையவே இல்லை. பிறகு கொழும்பு டொக்டர்மார் அதைப் பார்த்துப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

கொழும்புக்கு நூற்று அறுபது மைல். சாதாரணமாக ஆறு மணித்தியாலம் போதும். ஆனால் றோட்டின் ஒவ்வொரு பள்ளம் கிடங்கிலும் சூசையின் பல்லுக் கடிபடுகிற சத்தம் முன்சீட்டுவரை கேட்டது. ஹனீபா நானா வேகத்தைக் குறைத்துவிட்டார். தம்பலகாமத்தில் வயல்காரர் இருவரும் ஏறினார்கள். கந்தளாய்க் குளத்தைத் தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. அதற்கப்பால் காட்டுக்குள் றோட்டை மறித்துக்கொண்டு ஏழு யானை. நான் இறங்கிப்போய் நடுவில் நின்ற கொம்பனோடு கதைத்து வழி எடுத்தேன். (ஒரு யானை என்றும், அது தன்பாட்டில் போனது என்றும் ஹனீபா நானா சொல்லுவார். அவர் றோட்டைப் பார்த்தாரா, யானையை எண்ணினாரா?)

ஹபரணைக்கு எட்டு மணிபோல் வந்து தேத்தண்ணிக் கடையில் நிற்பாட்டினோம். எல்லாருக்கும் அப்பமும் பிளேன்டீயும் சொன்னேன். நான் ஆறாவது அப்பத்தில் கை வைத்தபோதுதான் கவனித்தேன், ஹனீபா நானாவையும் என்னையும் தவிர வேறொருவரும் தொடவில்லை. அக்காவும் செபமாலையோடு வானுக்குள்ளேயே இருக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் சூசை மட்டும் பாண் துண்டொன்றைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிடுகிறான். என்ன, ஒருவருக்கும் பசி இல்லையோ என்று கேட்டேன்.

கந்தையா அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "நேத்துப் பொழுதுபட்டதில இருந்து நாங்கள் விரதம், தம்பி. ரத்தம் குடுக்குமட்டும் பச்சைத்தண்ணியும் பல்லில படாது எண்டு காளியம்மன் வாசல்ல வச்சுச் சொல்லிப்போட்டம்."

அதே இரவு அக்காவும் எங்கள் பங்கு ஆட்களும் மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தி அதே வாக்கைக் கொடுத்திருக்கிறார்கள். தம்பலகாமத்தாருக்கும் ஆள் விட்டுச் சொல்லியாயிற்று. ஓர் உயிருக்காக ரத்தம் கொடுப்பது பெரிய காரியம், அதை வயிறு நிறைந்தா செய்வது? எங்கள் ஊரில் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். எனக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. சொன்னால் நான் ஊர் முழுக்கப் பறை அடித்துவிடுவேனாம்.

"இது நோன்பு மாசமும் இல்ல," என்றார் ஹனீபா நானா. "என்ட வானுக்குள்ள நோன்பு பிடிக்காத ஆக்கள், நோயாளியை விட்டா நானும் நீங்களும்தான் அண்ணன்."

நான் ஏழாவது அப்பத்தையும் சாப்பிட்டேன். யாராவது ஒருவர் தெம்பாக இருக்கவேண்டாமா?

தம்புள்ளை, குருநாகல் என்று உருண்டு, கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேரப் பிற்பகல் இரண்டு மணி. சூசையைத் தள்ளுகட்டிலில் ஏற்றி, ரத்தம் எடுக்கிற இடத்துக்குப் பக்கத்து விறாந்தையில் விட்டார்கள். ஒப்பரேஷனுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட ஒரு தாளும் பேனையும் அவன் கையில் கொடுத்தார்கள். நான்தான் முதலில் ரத்தம் கொடுத்தேன். அது போத்தலுக்குள் இறங்கின வேகத்தைப் பார்க்கத் தாதிமார் கூடிவிட்டார்கள். இரண்டாவது கந்தையா அண்ணன். விரல் நுனியில் ஊசி குத்தினதுதான். அந்தத் தேக்குமரம் கதிரையிலிருந்து சத்தமில்லாமல் வழுகி நிலத்தில் இருந்தது.

ரத்தம் எடுக்கிற டொக்டர் அம்மா யாழ்ப்பாணத்துப் பிள்ளை. விசாரித்தாள், விஷயம் வெளியே வந்தது. அவளுக்குக் கோபமா அழுகையா என்று எனக்கு விளங்கவில்லை. "சாப்பிடாத ஒருத்தரிட்டையும் எடுக்க ஏலாது. போய் நல்லாச் சாப்பிட்டு, தண்ணி குடிச்சு, ஆறிப்போட்டு வாங்கோ. இண்டைக்குப் பொழுதுபட முதல் எடுத்தாத்தான் நாளைக்கு ஒப்பரேஷன். விட்டா அடுத்த முறை எப்ப எண்டு எனக்குத் தெரியாது."

"குடுத்தாத்தான் சாப்பாடு, அம்மா," என்றார் கந்தையா அண்ணன், நிலத்தில் இருந்தபடியே.

"சாப்பிட்டாத்தான் எடுப்பன், ஐயா."

"நான் வாக்கை உடைச்சு, நாளைக்குப் பெடியனுக்கு ஒண்டு நடந்தா, எந்த முகத்தோட கரையில நிக்கிறது?"

பத்துப் பேரும் சுவரோரம் வரிசையாக இருந்தார்கள். ஒருவரும் எழும்பவில்லை. அடம் என்று சொல்லக்கூடாது, பயம்தான் அது. சூசை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்தான். பேனையை மூடி என்னிடம் நீட்டினான். "மாமா, வானைத் திருப்பச் சொல்லுங்கோ. அண்ணாவுக்கு ஒரு பல்லு. எனக்கு இவ்வளவு பெரிய எலும்பு. நான் கதிரையிலயே இருந்திட்டுப் போறன்."

அக்காவின் கையில் செபமாலை உருள்வது நின்றுவிட்டது.

அப்போதுதான் நான் என் கனவைச் சொன்னேன். வெளிக்கிட முதல் நாள் இரவு கண்ட கனவு. எங்கள் பக்கத்துக் கடல்காரர் கனவை லேசில் தள்ளமாட்டார்கள். விறாந்தையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "லோஞ்சு ஜெட்டியில பெரிய பாய் விரிச்சிருக்கு. நீங்கள் பத்துப்பேரும் அதில இருந்து சாப்பிடுறீங்கள். ஒரு பொம்பிளை பரிமாறுறா. மாதாவோ அம்மனோ எனக்குத் தெரியாது, முகம் வெளிச்சமா இருந்தது. நீங்கள் சாப்பிட்டு முடிஞ்சு கை கழுவினாப் பிறகுதான் சூசை பலகையில தடியில்லாம நடந்து வந்து லோஞ்சில ஏறினவன். சாப்பாடு முதல், நடை பிறகு. நான் கண்ணால கண்டனான்."

"இவ்வளவு நேரமும் ஏன் சொல்லேல்லை, தம்பி?" என்றாள் அக்கா.

"விளங்கினாத்தானே சொல்லுறதுக்கு. இப்பத்தான் விளங்கினது."

அக்கா என் முகத்தையே பார்த்தாள். பிறகு எழும்பி, விறாந்தை மூலையில் இருந்த தண்ணிக் குடத்திலிருந்து ஒரு கிளாஸ் வார்த்து, எல்லாருக்கும் முன்னால் குடித்தாள். அடுத்த கிளாஸைக் கந்தையா அண்ணனிடம் நீட்டினாள். அவர் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு வாங்கினார். ஆஸ்பத்திரிக்கு எதிர்க்கடையில் அன்றைக்கு இடியப்பமும் சொதியும் முடிந்து, கடைக்காரர் பாணுக்கு ஆள் அனுப்பினார். திரும்பி வரும்போது சூசை தாளில் கையெழுத்துப் போட்டிருந்தான்.

அடுத்த நாள் காலை உள்ளே கொண்டுபோய்ப் பின்னேரம்தான் வெளியே விட்டார்கள். மூன்றாம் நாள் கட்டெல்லாம் சிவந்தது. எங்கள் ஆட்களின் ரத்தத்தில் எடுத்த சாமான் முழுவதும் ஏறி முடிந்தது. எங்களோடு தங்கியிருந்த கந்தையா அண்ணன் இன்னொரு முறையும் தருகிறேன் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றார். இவ்வளவு கெதியில் திரும்ப எடுக்க ஏலாது என்று விட்டார்கள். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற, எங்களைத் தெரியாத இரண்டு சிங்களப் பெடியள் வந்து கொடுத்தார்கள். அன்றைக்கு அக்கா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "கனவில ரத்தம் கண்டனியோ?" இல்லை அக்கா என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அடுத்த நாள் விடிய கட்டு வெள்ளையாக இருந்தது.

கனக்கக் கிழமைகளுக்குப் பிறகு சூசை ஊருக்கு வந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெட்டிக்கு வந்து, பலகையில் ஒவ்வொரு அடியாக வைத்து என் லோஞ்சில் ஏறினான். கையில் தடி இருந்தது. "கனவில தடி இல்லை எண்டனீங்கள்," என்றான். தடி மற்றக் கையில் இருந்திருக்கும், நான் இந்தப் பக்கம்தானே நின்றனான் என்றேன். அதற்குப் பிறகு அவன் கல்யாணம் முடித்தான், மகள் பிறந்தாள், கனடாவுக்கும் போனான். தடியும் கூடவே போனது.

போகப்போகிறவர்களுக்கு: இப்போது றோட்டு நல்லம், ஐந்தரை மணித்தியாலத்தில் போகலாம். ஆனாலும் இடுப்பு வருத்தக்காரரோடு போனால் ஏழு மணித்தியாலம் என்று வையுங்கள். மணிக்கொருமுறை நிற்பாட்டி ஆளைப் புரட்டிவிடவேண்டும். மணல் சாக்கை மறக்கவேண்டாம். ரத்தம் உறையாத வியாதி இருந்தால் போகிற ஆஸ்பத்திரிக்கு முதலே சொல்லிவையுங்கள், வாசலில் வைத்துச் சொல்லாதீர்கள். ரத்தம் கொடுக்கப் போகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். விரதத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம்.

இனிச் சூசையின் கேள்வி. "மாமா, அந்த இரும்பு தேஞ்சுபோச்சாம், மாத்தவேணுமாம்," என்றான். "இப்ப மருந்து சின்னப் போத்தல்ல வருகுது, ஆக்கள் தேவையில்லை. எல்லாம் இருக்கு. ஒண்டுதான் கேக்கவேணும். இந்தமுறை ஏதும் கனவு கண்டனீங்களோ?" லைன் தெளிவில்லை என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். லைன் நல்ல தெளிவு.

அக்கா போன வருடம் காலமாகிவிட்டாள். இனிச் சொல்லலாம். சூசை, நீ இதை வாசிப்பாய் என்று தெரியும். அப்படி ஒரு கனவு இல்லை. முதலே தெரியும் என்று மேலே எழுதினதும் அதோடு போகட்டும். வான் வெளிக்கிட முதல் நாள் நான் கண்ணே மூடவில்லை. உன் அண்ணாவின் சவப்பெட்டிக்கு ஆணி அடித்தவன் நான். அந்தச் சத்தம் விடியும்வரை காதுக்குள் நின்றது. நித்திரை கொண்டால்தானே கனவு வரும்.

நீ ஃபோன் எடுத்த நாளிலிருந்து இப்போதும் அதே கதைதான், ஒரு பொட்டு நித்திரை இல்லை. போனமுறை நான் நித்திரை கொள்ளாமல் இருந்துதான் எல்லாம் சரிவந்தது. ஆனபடியால் பயப்படாமல் கையெழுத்தைப் போடு.