சொல்தா அந்துவான் ஆட்டத்தை விற்கவில்லை

செய்தி வந்தபோது நான் தறியில் நின்றிருந்தேன். நெசவுக் கூடத்துச் சத்தத்தில் வாயால் பேசி ஒன்றும் ஆகாது. எங்கள் பஞ்சாலையில் எல்லாப் பேச்சும் கையால்தான். எதிர் வரிசை ஏழுமலை என்னைப் பார்த்து, நெற்றியில் விறைப்பாகக் கை வைத்து சலாம் அடித்தான். சொல்தா அண்ணனைச் சொல்கிறான் என்று தெரிந்தது. பிறகு இரண்டு கண்களையும் மூடிக் காட்டினான். புரியவில்லை என்பதுபோல் நான் கையை விரித்தேன். அவன் மறுபடியும் அதையே செய்தான். எனக்குப் புரியாமல் இல்லை. இரண்டாம் தரமாவது வேறு எதையாவது சொல்ல மாட்டானா என்றுதான் கேட்டேன்.

பெரிய சண்டைக்குப் பிரெஞ்சுப் பட்டாளத்தோடு போய்த் திரும்பியவர் என்பதால் அந்துவானை ஊரே சொல்தா, அதாவது சிப்பாய், என்றது. போன இடத்தில் காலில் ஒரு குண்டையும், கூடவே பந்தாட்டத்தையும் வாங்கிக்கொண்டு வந்தார். புதுச்சேரியில் கடற்கரைச் சங்கம் என்று ஓர் அணி பேர் சொல்லும்படி இருந்தது என்றால் அதை அப்படி ஆக்கியவர் அவர். நான் அந்தச் சங்கத்து ஆள் இல்லை. அவர்களுக்கு எதிராகவே ஆடிய பஞ்சாலை அணிக்காரன். அவரை அறிந்தவர்களுக்கு இந்த முன்னுரை தேவையில்லை. தெரியாததுபோல் இருப்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டதால் சொல்கிறேன்.

அடக்கத்தன்று கடற்கரைச் சங்கம் பெரிய மலர்வளையம் கொண்டுவந்தது. அதன் நாடாவில் பிரெஞ்சில் ஏதோ எழுதியிருந்தது. "எங்கள் அன்புக்குரிய பயிற்சியாளருக்கு" என்று படிக்கத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். சாமியார் செபம் முடித்ததும் சங்கத் தலைவரான வக்கீல் முசியே, அதாவது வக்கீல் ஐயா, முதல் ஆளாகக் குனிந்து கைநிறைய மண் அள்ளினார். அப்போது அந்துவானின் மனைவி பிலோமின் அண்ணி, அழுதுகொண்டிருந்தவர், முக்காட்டை விலக்கிக்கொண்டு பேசினார்.

"முசியே, செத்த நில்லுங்க. சவரி, நீ வாப்பா. நீ மொதல்ல போடு."

சவரிமுத்து ஊருக்கு வெளியே சேரியிலிருந்து வருபவன். கப்பல் சரக்கு இறக்கும் கடற்கரைப் பாலத்தில் மூட்டை தூக்குகிறவன். கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தவன் முன்னால் வந்து மண்ணைப் போட்டான். வக்கீல் முசியே கையில் மண்ணோடு காத்திருந்தார். அங்கே நின்ற சிலருக்கு இது ஏதோ துக்கத்தில் செய்த காரியமாகத் தோன்றியிருக்கும். அண்ணி முழுப் புத்தியோடுதான் செய்தார். ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சொல்தா அண்ணனை நான் முதலில் அறிந்தது ஒரு தோல்வியில். அன்று கோலுக்கு நேர் எதிரே பந்து கிடைத்தும் வானத்துக்கு உதைத்தேன். ஆட்டம் முடிந்து நான் புல்லில் உட்கார்ந்திருந்தபோது நொண்டிக்கொண்டே வந்தார். "தறிக்காரா, நீ பந்தப் பாத்து ஒதைக்கல. கூட்டத்தப் பாத்து ஒதைக்கிற. கூட்டம் கைதான் தட்டும், கோல் போடாது." எதிரணிக்காரனுக்கு ஏன் இதைச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "நீ ஒழுங்கா ஆடுனாத்தான எம் பசங்க சோம்பேறி ஆகமாட்டானுங்க" என்றார். அன்றிலிருந்து எனக்குப் பெயரே தறிக்காரன். அவருடைய ஏச்சு வாங்காதவன் இந்த ஊரில் பந்து ஆடியவனே இல்லை.

கடற்கரைச் சங்கத்தில் பெரிய வீட்டுப் பிள்ளைகளும் ஆபீஸ் குமாஸ்தாக்களும் ஆடினார்கள். அவர்கள் நடுவே சவரியைக் கொண்டுவந்தவர் அந்துவான். பாலத்தில் மேலிருந்து வீசும் சிப்பத்தை அவன் பிடிக்கிற பிடியைப் பார்த்துவிட்டு நேரே கோலில் நிறுத்தினார். நிறுத்தியதோடு இரண்டு சட்டமும் போட்டார். ஒன்று, இடைவேளைக்கு வெல்லமும் எலுமிச்சையும் கரைத்த பானகம் ஒரே சொம்பில் வரும். கோலில் நிற்பவன்தான் முதலில் குடிக்க வேண்டும். அதிகம் கத்துகிறவன் அவன், தொண்டை காய்ந்திருக்கும். மற்றொன்று, கோலில் நிற்பவன் சொல்வதற்கு மறுபேச்சு கிடையாது. "சவரி கத்துனா கவுர்னரே முன்னால நின்னாலும் நவுரணும்" என்பார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். மாதா கோவிலிலேயே யார் எந்தப் பக்கம் உட்காருவது என்று சண்டை நடந்த ஊர் இது. இங்கே சவரி வாய் வைத்த சொம்பு அடுத்து பண்ணை வீட்டு லூயியின் கைக்குப் போனது. லூயி சவரிக்கு முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரன். அவனும் குடித்தான். சவரி "எடது!" என்றால் இடது பக்கம் ஓடினான். எனக்குத் தெரிந்து அந்த இருவரையும் தாண்டிக் கோல் போடுவது குதிரைக்கொம்பாக இருந்தது. அந்தப் பருவத்தில் பாதி ஆட்டங்கள் முடிந்தபோது அவர்கள் முதலிடத்தில் இருந்தார்கள். இரண்டாம் இடத்தில் இருந்த நாங்கள் எட்டிப் பிடிக்கலாம் என்ற ஆசையையே விட்டிருந்தோம்.

அப்போதுதான் லூயியின் தகப்பனார் ஒருநாள் ஆட்டம் பார்க்க வந்தார். இடைவேளையில் சொம்பு போன வழியைப் பார்த்தார். அந்த வாரமே கமிட்டி கூடியது. சவரியை நீக்கச் சொல்லவில்லை, பாருங்கள், அவ்வளவு தாராளம்! அவன் ஆட்டம் வேண்டும், அவனுக்குத் தனிக் குவளை வைத்தால் போதும் என்றார்கள். அந்துவான் கமிட்டியில் சொன்ன பதிலை அங்கே இருந்த ஒருவரே என்னிடம் சொன்னார். "சண்டையில நான் அடிபட்டுக் கெடந்தப்ப எம் வாயில தண்ணி ஊத்துனவன் யாருன்னு இன்னிக்கி வரைக்கும் எனக்குத் தெரியாது. அவன் எஞ்சாதியக் கேக்கல. நான் இங்க வந்து கேக்கவா?"

அடுத்த ஞாயிறு அறிவிப்பு வந்தது: உடல்நலக் குறைவால் அந்துவான் ஓய்வு பெறுகிறார். அந்த உடல்நலக் குறைவுக்காரர் மறுநாள் வைத்திக்குப்பத்தில் மீன்காரியிடம் உரக்கப் பேரம் பேசிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். "என்னாண்ணே, ஒடம்பு எப்பிடி?" என்றேன். "சங்கத்துக்குத்தான்டா சொகமில்ல. எனக்கு நல்ல கெளுத்தியா ரெண்டு கெடச்சா போதும்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் மீனை வாங்காமலே போய்விட்டார்.

அவர் இடத்துக்கு ஒரு பிரெஞ்சு துரை வந்தார். அவர் நன்றாக ஆடியவர், ஆட்டம் தெரிந்தவர். தமிழ் மட்டும் தெரியாது. கமிட்டி காட்டியபடி செய்தார். இடைவேளைக்கு எல்லோருக்கும் கண்ணாடி டம்ளர் வந்தது. சவரிக்கு ஒரு தகரக் குவளை. அது கோல் கம்பத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறுமல்லவா? அதற்காக எதிர்ப்பக்கக் கம்பத்திலும் ஓர் ஆணி அடித்திருந்தார்கள். திடலின் நீளம் முழுக்க அவன் தன் குவளையைத் தூக்கிக்கொண்டு நடந்து போய் அந்தப் பக்கம் மாட்ட வேண்டும். கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த ஆணியை அடித்தவன் கை எப்படித்தான் விளங்கியதோ தெரியவில்லை.

சவரி அப்போதே விலகியிருப்பான். விலகாதே என்று சொன்னவர் அந்துவான். "நீ வெளிய வந்துட்டா அவனுங்க சொன்னது சரின்னு ஆயிடும். நில்லுடா" என்றாராம். தன்னைத் துரத்திய சங்கமே தோற்கக்கூடாது என்று நினைத்த மனிதர் அவர். இதை அடிக்கோடிட்டுப் படியுங்கள்.

ஆனால் சங்கம் தோற்கத் தொடங்கியது. கடைசி இடத்து அணியோடு சமம் செய்தார்கள். அதற்கடுத்ததில் தோற்றார்கள். துரையின் திட்டம் சரியில்லை என்று ஊரில் பேசினார்கள். திட்டத்தில் கோளாறே இல்லை. எதிரே ஆடிய எனக்குத் தெரியும், எங்கள் காதுக்கே வித்தியாசம் கேட்டது. முன்பெல்லாம் ஆட்டம் முழுக்க சவரியின் குரல் இருக்கும். இப்போது அவன் கத்தினால் லூயி திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தனிக் குவளை கொடுத்து ஒதுக்கிவைத்தவனின் சொல்லுக்கு எவன் ஓடுவான்? கொஞ்சம் கொஞ்சமாக நாங்கள் அவர்களை நெருங்கினோம். கடைசியில் எங்களுக்கும் அவர்களுக்கும் நடக்க வேண்டிய ஆட்டமே லீக்கைத் தீர்மானிப்பது என்றானது.

அந்த ஆட்டத்துக்கு முன்பு எங்கள் சங்கச் செயலாளர், ஆலையில் மேஸ்திரி, அந்துவான் வீட்டுக்குப் போனார். அண்ணனுக்கு என்மேல் பிரியம் என்று என்னையும் இழுத்துப் போனார். அண்ணனைப் பார்க்கலாமே என்று நானும் போனேன். நலம் விசாரித்துவிட்டு மேஸ்திரி மெதுவாக ஆரம்பித்தார். "சவரிக்கு எந்தப் பக்கம் வீக்குன்னு மட்டும் சொன்னீங்கன்னா..."

அந்துவான் முகம் மாறிவிட்டது. "நான் வளத்த புள்ளைய எங்க அடிச்சா வலிக்கும்னு எங்கிட்டயே கேக்கறியா? எழுந்திருய்யா." மேஸ்திரி எழுந்துவிட்டார். நானும் எழுந்தேன். "தறிக்காரா, நீ குந்து. காப்பி குடிச்சிட்டுப் போ. அந்தாளுக்குக் கெடயாது." மேஸ்திரி வெயிலில் தெருவில் நிற்க, நான் உள்ளே காப்பி குடித்தேன். அண்ணன் பந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆட்டம் கடைசிவரை கோல் இல்லாமலே போனது. முடியும் தறுவாயில் எங்கள் ஆள் ஓரத்திலிருந்து பந்தை உயரத் தூக்கினான். சவரி இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு வெளியே வந்தான். "உடுண்ணே! என்து! உடு!" என்ற அந்தக் கத்தல் கடற்கரைவரைக்கும் கேட்டிருக்கும். லூயிக்குப் பக்கத்திலேயே நான் நின்றிருந்தேன். அவன் சவரியைத் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் காலை நீட்டினான். பந்து அவன் காலில் பட்டு, வெளியே வந்துவிட்ட சவரியைத் தாண்டி, அவர்கள் கோலுக்குள்ளேயே போனது. அணித் தலைவன் அவனைத் திட்டியபோது லூயி சொன்னது என் காதில் விழுந்தது: "இவன் சொல்லி நான் நவுரவா?"

நாங்கள் கோப்பை வாங்கினோம், மாலை போட்டுக்கொண்டோம். கடற்கரைச் சங்கத்துக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. லூயியைச் சொல்ல முடியுமா? ஆணி அடித்த கமிட்டி தன்னைத்தான் சொல்லிக்கொள்ளுமா? மேஸ்திரி அந்துவான் வீட்டுக்குப் போனதை யாரோ பார்த்திருந்தார்கள். அது போதாதா! அந்துவான் பஞ்சாலைக்காரர்களிடம் ஆட்டத்தை விற்றுவிட்டார், சவரி வேண்டுமென்றே வெளியே ஓடி வந்தான் என்று கட்டிவிட்டார்கள். பூசை முடிந்து வரும்போது ஆட்கள் அவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் காப்பிக் கடையிலும் கள்ளுக் கடையிலும் தொண்டை வற்ற எடுத்துச் சொன்னேன். "நீ ஜெயிச்சவன், அப்படித்தான் சொல்லுவ" என்றார்கள். சவரியை அதற்குப் பிறகு எந்தச் சங்கமும் கூப்பிடவில்லை.

இனி எங்கள் சங்கத்தின் யோக்கியதையைப் பாருங்கள். அடுத்த பருவத்துக்கு அந்துவானையே நாம் வைத்துக்கொள்வோம், சவரியும் வரட்டும் என்று நான் கமிட்டியில் சண்டை போட்டேன். ஒருவழியாகச் சம்மதித்து மேஸ்திரி மறுபடி அவர் வீட்டுப் படியேறினார். நானும் கூடப் போய் நின்றேன். சம்பளம் பற்றியோ சட்டை பற்றியோ அண்ணன் எதுவும் கேட்கவில்லை.

"சவரி எங்க தண்ணி குடிப்பான்?"

"அதெல்லாம் பாத்து அனுசரிச்சிக்கலாம் அண்ணே. நம்ம ஆளுங்களும் ஒரு மாதிரி..." என்று மேஸ்திரி இழுத்தார். ஆலையில் ஒன்றாக வியர்வை சிந்துகிறவர்கள், ஒன்றாகக் கூலி கேட்கிறவர்கள் நாங்கள்! அந்துவான் கதவைச் சாத்திவிட்டார். அதற்குப் பிறகு அவருக்குச் சங்கமே இல்லை. மாலையில் திடலுக்கு வெளியே வேலி ஓரம் நின்று பார்ப்பார். விற்றவர் என்ற பெயரோடுதான் செத்தார்.

இப்போது இரண்டு சங்கங்களும் சேர்ந்து இரங்கல் கூட்டம் நடத்தப் போகின்றன. என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். "அவரோட பெருமைய மட்டும் பேசுப்பா, அந்தப் பழைய விஷயம் வேணாம்" என்றார்கள். எந்தப் பழைய விஷயம்? அதை எடுத்துவிட்டால் அவரைப் பற்றிப் பேச என்ன பெருமை இருக்கிறது? மேடையில் வாயைக் கட்டிக்கொண்டு நிற்க என்னால் ஆகாது. அதனால் இதை எழுதுகிறேன். அவர் விற்கவில்லை. கேட்கப் போனபோது நான் கூட இருந்தேன், எங்களை விரட்டினார். அந்தக் கோலை லூயி போட்டான். அவன் காலை நீட்ட வைத்தது கமிட்டி. மறுக்கிறவர்கள் என் முகத்துக்கு நேரே வந்து மறுக்கட்டும்.

அவருடைய ஏச்சு, நொண்டி நடை, கேலி எல்லாம் நாளாக ஆக மங்கித்தான் போகும். எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அவர் மேஸ்திரியிடம் கேட்ட அந்த ஒரு கேள்வியைத்தான். நேற்று எங்கள் கமிட்டியில் எழுந்து அதையே கேட்டேன்: "சவரி எங்க தண்ணி குடிப்பான்?" மேஸ்திரி அடுத்த ஆட்டத்தின் தேதியைப் படிக்கத் தொடங்கினார். போட்டிருந்த அணிச் சட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, வெற்று மார்போடு வீட்டுக்கு நடந்தேன்.