எந்தக் கிளஸ்டரில் நிற்கிறாய்?

இன்று காலை வட்ஸ்அப்பில் ஒரு கட்டுரை வந்தது. கிளஸ்டர்களைக் கட்டளை வரியில் மேய்க்கப் பத்துக் குறிப்புகளாம். எழுதியவர் என் பழைய மனேஜர். படத்தில் கை கட்டிக்கொண்டு நிற்கிறார். முதற்குறிப்பே நீளக் கட்டளையை ஒற்றை எழுத்தாகச் சுருக்குவது. விரலுக்கு அவ்வளவு நோவு. படித்ததும் வாயெல்லாம் கசந்தது.

மட்டக்களப்பில், வாவியைப் பார்த்தபடி, ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் எங்கள் கந்தோர். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரின் சேர்வர்களைப் பார்த்துக்கொள்வது வேலை. பரிசோதிக்க ஒரு கிளஸ்டர், அதாவது சேர்வர்க் கூட்டம்; நிஜமாக ஓடும் 'லைவ்' இன்னொன்று. கட்டளைகள் இரண்டுக்கும் ஒன்றே. எதில் நிற்கிறோம் என்பதுதான் வேறு. இரண்டுக்கும் ஒரே கணினி, எல்லோருக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். ஆளுக்கொரு பெயர் கேட்டால், "நாமெல்லாம் ஒரு குடும்பம்தானே" என்பார் மனேஜர். கஞ்சத்தனத்துக்கு அவர் வைத்த பெயர் அது.

பக்கத்துக் கதிரை காத்தான்குடி றிஸ்வியுடையது. வெள்ளிக்கிழமை அவன் அத்தர் பூசிக்கொண்டு எழும்பினால் மணி பன்னிரண்டு. அந்த வாசம் எங்கே வந்தாலும் இன்றும் என் கை விசைப்பலகையை விட்டு எழும்பிவிடுகிறது.

ஒரு வெள்ளிக்கிழமை அவன், "லைவில ஒண்டு பாத்துக்கொண்டிருந்தன், ஜும்ஆ முடிஞ்சி வந்து மறுகா முடிக்கிறன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். நானும் ஓம் என்றேன். ஓம் சொல்லக் காது தேவையில்லையே. அவன் எழும்பிய இடத்தில், அந்த ஒரே கணினியின் முன் உட்கார்ந்து, பரிசோதனைக் கிளஸ்டரைத் துப்புரவாக்குகிறேன் பேர்வழி என்று, மனேஜர் அப்போதே சுருக்கி வைத்திருந்த ஒற்றை எழுத்தைத் தட்டி, டிலீட் போட்டேன். கணினி அவன் விட்டுப்போன லைவிலேயே நின்றது. வாடிக்கையாளரின் இணையத்தளம் முழுதும் போய்விட்டது.

kubectl config current-context என்று ஒரு வரி கேட்டிருந்தால் எதில் நிற்கிறேன் என்று அதுவே சொல்லியிருக்கும். இன்றைய பத்துக் குறிப்பிலும் அந்த வரியைக் காணோம்.

பின்னேரம் மனேஜர் எல்லோரையும் கூப்பிட்டார்.

"லைவில கடைசியா வேலை செஞ்சது ஆரு?"

"நான்தான் சேர்," என்றான் றிஸ்வி. "ஆனா நான் ஒண்டையும் அழிக்கல்ல."

அவன் என்னைப் பார்த்தான். நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். தளம் அழிந்த நேரத்தைப் பார்த்திருந்தாலே அவன் பள்ளிவாசலில் இருந்தது தெரிந்திருக்கும். மனேஜருக்கு நேரம் தேவைப்படவில்லை, ஆள்தான் தேவைப்பட்டது. எனக்கும் அது வசதியாகப் போயிற்று. மானங்கெட்ட வசதி.

அவனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அடுத்த கிழமை அவன் கதிரை காலி. கட்டாருக்குப் போனதாகக் கேள்வி. என்ன வேலை என்று விசாரிக்கும் முகம் எனக்கில்லை. அந்தக் கந்தோரும் மூடியாயிற்று. இப்போது நான் வேலை செய்யுமிடத்தில் ஆளுக்கொரு பெயர். யார், எந்த நிமிஷம், எதை அழித்தார் என்பதெல்லாம் பதிவாகிறது. என்னைப் போன்றவர்கள் ஒளிந்த பொதுப்பெயர் ஒழிந்தது நல்லதுதான். றிஸ்விக்குத்தான் அது பிந்திவிட்டது. அன்று நான் வாயைத் திறந்திருந்தால், அவனுக்கு அந்தப் பதிவு தேவைப்பட்டே இருக்காது.