சம்பந்தியின் படகைத் தேடிக் கடலுக்குள் இறங்கியது

ஆம்பூரிலிருந்து கடல் பார்க்கப் போகிறவர்கள் கரையோடு திரும்பிவிடுவார்கள். போன மார்ச்சில் நான் முப்பத்தைந்து அடி உள்ளே இறங்கினேன். வயது எழுபத்தொன்று, தோல் ஆலையில் வேலை பார்த்தவன். எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, புதுச்சேரியில் வாழ்க்கைப்பட்ட என் மகள் தட்டச்சு செய்கிறாள்.

அவள் மாமனாருக்காகத்தான் போனேன். அவருடைய பழைய மரப் படகை, மீன்கள் தங்கட்டும் என்று, இரண்டு வருடம் முன்பு இன்னொரு படகோடு சேர்த்துக் கடலில் மூழ்கடித்தார்கள். மனதாரக் கொடுத்தவர் அவர். பிறகு அடித்த புயலில் அது சிதறிப்போனதாக யாரோ சொல்ல, அன்றிலிருந்து மனிதர் கடற்கரைப் பக்கமே போவதில்லை. கடலுக்குள் கூட்டிப்போகும் ஸ்கூபா கடையில் காட்டிய படகு வீடியோவையும் நம்பவில்லை. அது மற்றப் படகாம். இதயத்தில் ஸ்டென்ட் இருப்பதால் அவர் இறங்க முடியாது.

காலை ஆறரைக்கு ஆம்பூரில் பஸ். வேலூர் ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து புதுச்சேரிக்கு நான்கரை மணி நேரம். இரண்டு டிக்கெட்டும் சேர்த்து இருநூற்றுப் பத்து ரூபாய்.

"வாங்க சம்பந்தி. தோல் வாடை இன்னும் போகலியே," என்றார் மகளின் மாமனார்.

"கடல்ல கழுவத்தான் வந்தேன். உங்க மீன் வாடை ஏறாம இருந்தா சரி."

சாப்பிடும்போது சொன்னார்: "பின்னாடி, வலது பக்கம், அடியில ஒரு செம்புத் தகடு அடிச்சிருக்கேன். எத்தினி ஆணின்னு சொல்ல மாட்டேன். சொன்னா எனக்காகப் பொய் சொல்லிடுவீங்க. எண்ணிட்டு வாங்க."

மறுநாள் நீச்சல் குளத்தில் மூன்று மணி நேரப் பயிற்சி. டாக்டர் சர்டிபிகேட் கட்டாயம். எல்லாம் சேர்த்து ஏழாயிரம். படிவத்தில் கைநாட்டு வைத்தேன்.

"தாத்தா, இன்னா ஆனாலும் மூச்ச அடக்காதீங்க. எதையும் தொடாதீங்க," என்றார் பயிற்சியாளர்.

அடுத்த நாள் காலை ஆறரைக்குப் படகு, நாற்பது நிமிடம். இறங்கும்போது காது வலித்தது. மூக்கைப் பிடித்து ஊதியதும் விட்டது. முதல் படகின் பின்பக்கம் தகடு இல்லை. இரண்டாவதில் கேபின் சரிந்து கிடந்தது, படகின் உடல் அப்படியே நின்றது. மேலெல்லாம் சிப்பி, பின்னால் ஒரு சாண் இடம் மட்டும் வழவழப்பு. செம்பில் சிப்பி அவ்வளவாக ஒட்டாதாம், பிறகு சொன்னார்கள்.

தண்ணீர் கலங்கல். தோலில் உண்ணி கடித்த தழும்பைக் கட்டைவிரலால் தடவியே நாற்பது வருடம் ரகம் பிரித்தவன் நான். கையுறையைக் கழற்றித் தடவினேன். எட்டு ஆணி. பயிற்சியாளர் மேலே போகலாம் என்று சைகை காட்டினார். உள்ளங்கையைக் காட்டி நிறுத்திவிட்டு மறுபடி தடவினேன். மூலையில், ஒரு சிப்பியை ஒட்டி, வரிசை தப்பி இன்னொன்று. விரல் கிழிந்தது. அந்த ஆழத்தில் ரத்தம் பச்சையாகத் தெரிகிறது.

"தொடாதீங்கன்னு சொன்னேன் இல்ல?" என்று மேலே வந்ததும் திட்டினார்.

வீட்டுக்கு வந்து, "கேபின் சாஞ்சிடுச்சு," என்றேன் முதலில்.

"தகடு?"

"இருக்கு. ஒம்போது ஆணி. எட்டு வரிசையா, ஒண்ணு தள்ளி."

சம்பந்தி இடது ஆள்காட்டி விரலைக் காட்டினார். நகம் கோணலாக இருந்தது. "அந்த ஒம்போதாவத அடிக்கும்போதுதான் இது போச்சு." பிறகு, "மீனு?"

"எஞ்சின் இருந்த குழியில ஒரு கலவா. உங்கள மாதிரியே மொறைச்சுது."

"எத்தினி கிலோ வரும்?"

"அத எண்ணச் சொல்லலியே."

போகிறவர்களுக்கு: சளி இருந்தால் இறங்காதீர்கள். காலையிலேயே போங்கள். நான் தொட்டது தப்பு, நீங்கள் தொடாதீர்கள்.

மறுநாள் விடிகாலை ஐந்தரைக்கு ஊருக்குக் கிளம்பினேன். வாசலில் என் செருப்பு மட்டும்தான் கிடந்தது. சம்பந்தி எங்கே என்று கேட்டேன். மகள் கடல் பக்கம் கை காட்டினாள்.