சுவர் காயுமுன் மலையேறினேன்

முதலில் வந்தது இருமல் இல்லை, மாலைக் காய்ச்சல். விளக்கு வைக்கும் நேரத்தில் ஏறி, விடிவதற்குள் வியர்த்து இறங்கிவிடும். பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என்ன மடத்தனம்! க்ஷயம் (நுரையீரலை அரிக்கும் காசநோய்) என்று தெரிந்த அன்றே, ஐந்து மாதக் குழந்தையை என் மடியிலிருந்து தூக்கிக் கொண்டுபோய், கே.ஜி.கண்டிகையில் நாத்தனார் வீட்டில் விட்டார்கள்.

திருத்தணி டாக்டர் எதையும் ஒளிக்கவில்லை.

"ரத்தத்துல வெள்ளை அணுங்க இருக்குதும்மா. கிருமியக் கண்டா முழுங்கிடும். ஆனா இந்தக் கிருமி முழுங்கினாலும் சாவாது. அந்த அணுவுக்குள்ளயே குந்திகினு பெருகும். அதனால மத்த அணுங்க சுத்தி நின்னு செவுரு கட்டுதுங்க. அது கெட்டியாவறவரைக்கும் நீ படுத்தே கெடக்கணும்."

"கொழந்தைய எப்பங்க தூக்கலாம்?"

"ஒரு வருசம் பொறு. அப்புறம் பாக்கலாம்."

இந்தக் கிருமியைக் கொல்லும் மருந்து இன்னும் வரவில்லை; எங்களுக்குக் கிடைத்த மருந்து படுக்கை ஒன்றுதான். எனக்குள் சண்டை நடக்கிறது, அதில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. அழுகையாக வந்தது. அழுதால் இருமல் வரும்.

படுத்த எட்டாம் மாதம் காய்ச்சல் நின்றது, கொஞ்சம் சதையும் போட்டது. பள்ளிப்பட்டிலிருந்து வந்த என் தகப்பனார் என்னைப் பார்த்துக் கண் கலங்கினார்.

"ஆடிக் கிருத்திகைக்கு நீ பால்கொடம் எடுக்கறதா முருகனுக்கு வேண்டிக்கினேம்மா. காய்ச்சல்தான் வுட்டுடுச்சே. சாமி காரியத்தத் தள்ளலாமா?"

"ஆங் நைனா, எடுக்கறேன்" என்றேன்.

டாக்டரைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்றுதான் கேட்கவில்லை. நைனாவைக் குறை சொல்ல மாட்டேன். வேண்டுதல் முடிந்தால் குழந்தையைக் கொடுத்துவிடுவார்கள் என்று எனக்கும் பேராசை.

ஆடிக் கிருத்திகையன்று பால்குடத்தோடு திருத்தணி மலை ஏறினேன். பாதிப் படியில் நெஞ்சுக்குள் வெதுவெதுப்பாக ஏதோ புரண்டது. இருமினேன். முந்தானையெல்லாம் ரத்தம். அரோகரா சத்தத்தில் நான் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை.

டாக்டர் திட்டக்கூட இல்லை. "செவுரு ஒடஞ்சிடுச்சிம்மா. உள்ள இருந்தது வெளிய வந்துடுச்சி. மறுபடி மொதல்லேர்ந்துதான்."

இதே நோயோடு படுத்திருப்பவர்களே, காய்ச்சல் விட்டதை நம்பி எழுந்துவிடாதீர்கள்.

இது இரண்டாம் வருடம். மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விடுகிறேன். இந்த உடம்பு என்னுடையது என்றே தோன்றவில்லை. கிழமையும் மாதமும் மறந்துபோகின்றன. நாத்தனார் குழந்தையைக் கொண்டுவந்து வாசலில் காட்டும் நாள்தான் எனக்கு நாள். போன முறை என் மகள் நடந்தே வந்தாள். நாத்தனார் பிள்ளைகளைப் பார்த்து அவளும் என்னை அத்தை என்றாள்.

"அத்தே, உள்ள வரட்டா?"

கையை நீட்டிவிட்டேன். உடனே மடக்கிக்கொண்டேன்.

"வேணாங்கண்ணு. அங்கயே நில்லு."