சலாலாவுக்கு ஒரு பொதி

திருவனந்தபுரத்தில் மஸ்கட் விமானத்துக்கு நேரம் நெருங்குகிறது. என் டாக்சி தக்கலையில், பாறைப்பொடி ஏற்றிய டாரஸ் லாரிகளுக்குப் பின்னால் நிற்கிறது. போதாக்குறைக்கு டிரைவர் தன் அத்தையையும் ரோட்டுக்கு வரச்சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் ஜன்னல் வழியே நேந்திரங்காய் வறுவல் மணக்கும் பெரிய பொதி ஒன்றைத் திணிக்கிறார்.

"ஏத்தங்கா சிப்ஸாக்கும். சலாலாவுல எம் மொவன்கிட்ட குடுத்துரு மக்கா."

"நான் மஸ்கட்டுக்குல்லா போறேன். சலாலா அங்கேருந்து ஆயிரம் கிலோமீட்டர்."

"ரெண்டும் ஓமன்தானே? பிளேன்ல எவ்வளவு நேரம் ஆவும்?"

"ஒண்ணரை மணி நேரம்," எரிச்சலோடு சொல்கிறேன்.

"அவ்வளவுதானா? நாகர்கோயில்லேருந்து நீ எப்பம் கெளம்புன?"

கைக்கடிகாரத்தைப் பார்க்கிறேன். பதினெட்டு கிலோமீட்டருக்கு அதே ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கிறது. பொதியை வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறேன். லாரி இன்னும் அசையவில்லை.