பேய் பூசிய திருநீறு

திருமயத்தில் திருவிழாவுக்குப் போட்டிருந்த பொருட்காட்சியில், தகரக் கொட்டகைக்குள் ஒரு பேய் ரயில் ஓடியது. அதில் பேயாக வந்தவர் ஒல்லியானவர். முகத்தில் மண்டையோட்டு முகமூடி, இடுப்பில் சுருக்குப்பை. ரயிலுக்கு மோட்டார் இருந்தும், பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி கூடவே நடந்து வந்தார். மோட்டார் வருவதற்கு முன்னால் அவர்தான் தள்ளுவாராம், பழக்கம் போகவில்லை.

உள்ளே பச்சை வெளிச்சத்தில் எலும்புக்கூடுகள் மீன்களைப் போல மிதந்தன. தூக்கத்துக்குள் இறங்குவது போலிருந்தது. திடீரென்று பெட்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் அலறினாள். இருட்டில் துழாவி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் அவர் முகமூடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டு, சுருக்குப்பையிலிருந்து திருநீறு எடுத்து மகளுக்குப் பூசி ஊதினார்.

“பயமுறுத்துறதும் நீங்க, திருநீறு பூசுறதும் நீங்களா?” என்றேன்.

“பயத்தோட வீட்டுக்குப் போனா புள்ள தூங்காதுங்க. அத இங்கிட்டே விட்டுட்டுப் போகட்டும்.”

அடுத்து என் நெற்றிக்கு விரலைக் கொண்டு வந்தார்.

“எனக்கெதுக்குங்க? நான் பயப்படலையே.”

“உள்ள ஏங்கைய விடவே இல்லீங்களே சார்.”

நான் குனிந்து நெற்றியைக் காட்டினேன். அவர் விரல் மரப்பட்டை போலச் சொரசொரத்தது. அந்தக் கையை எப்படி மகளின் கை என்று நினைத்தேனோ, இன்னும் விளங்கவில்லை.